பேர்த்திலிருந்து இலண்டனுக்கு: வான்வழித் தூரமும் பறக்குங் காலமும்

ஓரூருக்கும் பிறிதோரூருக்கும் இடைப்பட்ட தூரத்தை நம் முன்னோர் காலத்தைக் கொண்டே அளந்தனர். 'நாழிகை வழி' என்னும் வழக்கு அதற்குச் சான்று. ஒரு நாழிகைப் பொழுதில் ஒருவன் நடந்து கடக்கும் தூரம் அப்பெயர் பெற்றது. பின்னாளிலே தெருவோரங்களில் மைற்கற்கள் நடப்பட்டன. இலங்கைத் தமிழர் அவற்றைக் 'கட்டை' என்றனர். 'மூன்றாங் கட்டை' என்றவுடன் இடமும் தூரமும் ஒருங்கே விளங்கின. நடப்பவனுக்கும் வண்டியிற் செல்பவனுக்கும் இவ்விரு அளவைகளிடையே பெரிய முரண்பாடு தோன்றுவதில்லை. தெரு அசைவதில்லை, தூரத்தை வேகத்தால் வகுத்தாற் காலம் வரும் என்று கீழ்வகுப்பிற் கற்ற கணக்கு அங்கே பொய்ப்பதில்லை.

விமானப் பயணத்தில் அக்கணக்கு அவ்வளவிற் பொருந்துவதில்லை. இரு விமான நிலையங்களுக்கிடையேயுள்ள தூரம் மாறாத ஓரெண். அத்தூரத்தைக் கடக்கும் காலமோ போகும்போது ஒன்றாகவும் மீளும்போது வேறொன்றாகவும், தையில் ஒன்றாகவும் ஆடியில் வேறொன்றாகவும் இருக்கக் காண்கிறோம். இதன் காரணத்தைப் பொதுப்படக் கூறுவதிலும், ஒரு வழியை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும். மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகரான பேர்த்தையும் இலண்டனையும் இணைக்கும் வழியை இங்கு எடுத்துக்கொள்வோம். உலகின் மிக நீண்ட இடைநில்லா வான்வழிகளுள் அஃதொன்று. அதனைத் தெரிவதற்கு நம் நாட்டோடு தொடர்புற்ற காரணமும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

முதலில் தூரத்தைக் காண்போம். தட்டையான தாளில் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி நேர்கோடு. புவியோ ஏறத்தாழ உருண்டை. உருண்டையின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில்லாகும். புவியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்டு புவியை இரு சமபாதிகளாக வெட்டும் வட்டமே பெருவட்டம். மத்தியகோடு ஒரு பெருவட்டம். நெட்டாங்குக் கோடு ஒவ்வொன்றும் பெருவட்டத்திற் பாதி. மத்தியகோட்டை ஒழிந்த ஏனைய அகலாங்குக் கோடுகள் பெருவட்டங்கள் அல்ல.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப்படம் இவ்விடயத்தில் நல்லாசிரியன் அன்று. அப்படத்திலே பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து யப்பானின் ரோக்கியோவுக்கு அளவுகோலை வைத்துக் கோடு கீறினால், அக்கோடு மத்திய ஆசியாவின் ஊடாகச் செல்லும். உருண்டையான புவி மாதிரியில் அதே ஊர்களிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால், நூல் வடக்கே ஏறிச் சைபீரியாவில் வடமுனை வட்டத்தை ஏறத்தாழத் தொட்டு இறங்குவதைக் காணலாம். நூல் காட்டுவதே உண்மையான குறுவழி. அதன் நீளம் ஏறத்தாழ 7,800 கிலோமீற்றர். புவி மாதிரியும் ஒரு முழ நூலும் உள்ள பாடசாலை எதிலும் மாணாக்கர் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

நூலின்றிக் கணக்காலும் இதனைக் காணலாம். இரு இடங்களின் அகலாங்குகளுடைய சைன்களைத் தம்முட் பெருக்குக. ஓரிடம் மத்தியகோட்டுக்குத் தெற்கேயும் மற்றது வடக்கேயும் இருப்பின் அப்பெருக்கம் மறைக்குறி பெறும். அடுத்து, அவ்வகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வேறுபாட்டின் கோசைனையும் தம்முட் பெருக்குக. இவ்விரு பெருக்கங்களையுங் கூட்டினால் வருவது, புவிமையத்தில் அவ்விரு இடங்களும் அமைக்குங் கோணத்தின் கோசைன். அக்கோணத்தின் ஒவ்வொரு பாகைக்கும் மேற்பரப்பிலே 111.2 கிலோமீற்றர் உண்டு. பேர்த் விமான நிலையம் தெற்கு 31.94 பாகையிலும் கிழக்கு 115.97 பாகையிலும் உள்ளது. இலண்டன் ஹீத்ரோ நிலையம் வடக்கு 51.47 பாகையிலும், கிறீனிச் கோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ அரைப் பாகையிலும் உள்ளது. கணக்கிட்டால் இடைக்கோணம் 130.5 பாகை எனவும், தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர் எனவும் வரும். புவி முழு உருண்டையாகாது முனைகளிற் சற்றே தட்டையுற்றிருப்பதால் நுண்ணளவில் சில கிலோமீற்றர் வேறுபடும். விமானக் கம்பனி கூறும் எண் 14,498 ஆகும்.

இனி இக்கோடு எவ்வெவ்விடங்களின் மேலாகச் செல்கின்றது என்று பார்ப்போம். பேர்த்தை விட்டு வடமேற்காகப் புறப்படும் அது, இந்து சமுத்திரத்தை நெடுக வெட்டி வருகின்றது. பல்லாயிரங் கிலோமீற்றர் கடலேயன்றி வேறொன்றுமில்லை. அதன்பின் அது முதன்முதலாக எதிர்கொள்ளும் பெருநிலம் இலங்கை. கணக்கின்படி கோடு அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிழக்குக் கரையிலே கிரிந்தைக்கு அண்மையில் நிலத்தை அடைந்து, மலைநாட்டின் மேற்பக்கத்தைத் தாண்டி, புத்தளப் பகுதியில் மீண்டுங் கடலை அடைகின்றது. பேர்த்துக்கும் இலண்டனுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய வழி நம் தீவின் மேலாகவே செல்கின்றது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

இந்த வடிவவியல் உண்மை ஒருமுறை உயிர்களுக்குப் பொறுப்பாயிற்று. 1942 பெப்ரவரியிலே சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டது. அவுஸ்திரேலியாவிலிருந்து இலண்டனுக்கு அதுவரை சிங்கப்பூர் வழியாக நடைபெற்ற விமானச் சேவை அற்றுப்போயிற்று. அவ்வழியை மீட்க வேண்டுமாயின், யப்பானியர் கைக்கொண்ட தீவுகளுக்குத் தெற்கே, நிலமொன்றும் இல்லாத சமுத்திரத்தின் மேலாகவே பறத்தல் வேண்டும். பேர்த்தின் சுவான் ஆற்றங்கரையிலுள்ள நெட்லன்சிலிருந்து காலிக்குக் கிழக்கேயுள்ள கொக்கலை வாவிக்கு 1943ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அச்சேவை தொடங்கிற்று. நடத்தியது குவாண்டாஸ் கம்பனி. பயன்பட்டவை நீரில் இறங்கவல்ல கட்டலீனா என்னும் இரட்டை எஞ்சின் விமானங்கள். மேலே கூறிய சூத்திரத்தை நெட்லன்சுக்கும் கொக்கலைக்கும் பயன்படுத்துக: இடைக்கோணம் 50.8 பாகை, தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர்.

கட்டலீனா மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகத்தில் ஆறுதலாகப் பறப்பது. 5,650ஐ 200ஆல் வகுத்தால் 28¼ மணி வரும். உண்மையில் அப்பயணங்கள் 27 மணி தொடக்கம் 33 மணி வரை எடுத்தன. பதிவாகியவற்றுள் மிக நீண்டது 32 மணி 9 நிமிடம். விமானம் ஒன்று, வழி ஒன்று, தூரம் ஒன்று. ஆயினும் ஐந்து ஆறு மணிநேர வேறுபாடு.

அத்துணைத் தூரத்துக்கு வேண்டிய எரிபொருளை ஏற்றியபின் வேறெதற்கும் இடமிருக்கவில்லை. ஒரு பயணத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோகிராம் அஞ்சற் பொதியும் செல்லலாம், அவ்வளவே. எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியை வாய்மூடி வைத்தனர். ஆதலால் வழிகாட்டியவை விண்மீன்களே. அச்சேவையிலே பயன்பட்ட ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே இட்டிருந்தனர்: அல்ரயர், வேகா, றைஜல், அன்ரறிஸ், ஸ்பைக்கா. நம் பஞ்சாங்கத்திற் பழகியோருக்கு இவர்கள் அந்நியரல்லர். அல்ரயர் நமது திருவோணம், அன்ரறிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை, வேகா அபிசித்து. றைஜல் நம் இருபத்தேழில் இல்லை. அது திருவாதிரை விளங்கும் அதே உடுக்கூட்டத்தின் மற்றொரு மூலையில் ஒளிர்வது.

இச்சேவைக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர் வழங்கிற்று. பயணிகள் ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிக்கக் கண்டனர். இதிலும் ஒரு கணக்குண்டு. சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கு நோக்கிச் செல்வதாகத் தோன்றுகின்றது. நெட்லன்சுக்கும் கொக்கலைக்கும் நெட்டாங்கு வேறுபாடு 35.5 பாகை. அதனை 28 மணியிற் கடக்கும் விமானம் மணிக்கு ஏறத்தாழ 1.27 பாகை மேற்கே நகர்கின்றது. ஆகவே விமானத்தில் உள்ளவர்க்குச் சூரியன் மணிக்கு 13.73 பாகையே செல்வதாகும். 360ஐ அதனால் வகுத்தால், ஓர் உதயத்துக்கும் மறு உதயத்துக்கும் இடையே 26 மணிக்குச் சற்று மேற்பட்ட காலம் வரும். கொக்கலையிலிருந்து கிழக்கே மீள்பவர்க்கு அது 22 மணியளவே. அகலாங்கும் பருவமும் இவ்வெண்களைச் சற்றே மாற்றும். எனினும் மேற்கே செல்பவனின் நாள் நீள்வதும் கிழக்கே செல்பவனின் நாள் குறுகுவதும் இதனால் தெளிவாகும்.

காற்றின் செய்கையை இக்கட்டலீனாவைக் கொண்டே விளக்கலாம். விமானம் நிலத்தைப் பற்றிச் செல்வதன்று. காற்றுக்குள் நீந்திச் செல்வது. காற்றே நகருமாயின் அதனுள் நீந்தும் விமானமும் உடன் நகரும். ஆற்றில் ஓடத்தைச் செலுத்தியவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று வழிநெடுக எதிர்த்து வீசுகின்றது எனக் கொள்வோம். விமானத்தின் நிலவேகம் 160 ஆகக் குறையும். 5,650 கிலோமீற்றரைக் கடக்க 35 மணி 19 நிமிடம் செல்லும். மீளும்போது அதே காற்றுத் துணையாகும், நிலவேகம் 240, காலம் 23 மணி 32 நிமிடம்.

இங்கே மாணாக்கர் பலர் ஒரு தவறான முடிவுக்கு வருவதுண்டு. போகும்போது காற்றால் இழந்தது மீளும்போது கிடைத்துவிடும். ஆதலிற் போக்குவரத்துக் காலம் மொத்தத்தில் மாறாது என்பர். கூட்டிப் பார்ப்போம். 35 மணி 19 நிமிடமும் 23 மணி 32 நிமிடமும் சேர்ந்து 58 மணி 51 நிமிடம். காற்றில்லாவிடின் இருமுறை 28¼ மணி, அதாவது 56 மணி 30 நிமிடம். இரண்டு மணி 21 நிமிடம் நட்டம். காரணம் யாதெனில், எதிர்க்காற்றிலே நீண்டநேரம் துன்பப்படுகின்றோம்; துணைக்காற்றின் உதவியைக் குறுகிய நேரமே பெறுகின்றோம். இழப்பும் ஈட்டமும் வேகத்தில் சமமாயினும் காலத்திற் சமமல்ல. நிலையான காற்று எந்தத் திசையில் வீசினும் போக்குவரத்தின் மொத்தக் காலத்தைக் கூட்டுமேயன்றிக் குறைப்பதில்லை.

அதே தூரத்தில், அதே 40 கிலோமீற்றர்க் காற்றில், மணிக்கு 900 கிலோமீற்றர் செல்லும் ஜெற் விமானத்துக்கு நேரும் நட்டம் எவ்வளவு? கணக்கிட்டால் ஒன்றரை நிமிடந்தான். மெல்லச் செல்வோனையே காற்று அதிகம் வருத்தும்.

காற்றினால் மற்றொன்றும் விளையும். நடுக்கடலில் எஞ்சின் ஒன்று பழுதுறுமாயின் முன்னே செல்வதா, பின்னே திரும்புவதா? பாதி வழியைத் தாண்டினால் முன்னே, தாண்டாவிடின் பின்னே என்பது எளிதாகத் தோன்றும் விடை. மேலே கொண்ட எதிர்க்காற்றில் அவ்விடை உயிருக்கு உலையாகும். தூரத்தின் நடு 2,825 கிலோமீற்றரில் உள்ளது. காலத்தின் நடுவோ புறப்பட்ட இடத்திலிருந்து 3,390 கிலோமீற்றரில் உள்ளது. அவ்விடத்திலிருந்து காற்றோடு திரும்பி 3,390 கிலோமீற்றர் பறந்தாலும், காற்றை எதிர்த்து எஞ்சிய 2,260 கிலோமீற்றர் பறந்தாலும் 14 மணியும் சில நிமிடங்களுமே செல்லும். (எஞ்சின் பழுதால் வேகங் குறைவதைச் சேர்த்தாற் கணக்கு மேலும் நுணுகும்; முறை மாறாது.) இடைப்பட்ட 565 கிலோமீற்றர் வழியிலே, தூரத்தை மட்டும் பார்க்கும் விமானி முன்னே செல்வான், காலத்தைப் பார்ப்பவன் திரும்புவான். வானொலி உதவியுமின்றி, விண்மீன்களை அளந்து தன் இடத்தை அறிந்து, அலைகளின் போக்கைப் பார்த்துக் காற்றை மதித்து, இக்கணக்கை மணிக்கு மணி திருத்திக்கொண்டிருப்பது வழிகாட்டியின் தொழில். 1945 யூலையில் கட்டலீனாச் சேவை முடிவுறும் வரை 271 முறை சமுத்திரம் கடக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றேனும் கடலில் மாண்டதில்லை என்பது அக்கணக்காளரின் திறமைக்குச் சான்று. போர் முடிந்தபின், கடனாகப் பெற்ற அவ்விமானங்கள் உடன்படிக்கையின்படி கடலில் ஆழ்த்தப்பட்டன.

மாணாக்கரிடையே வழங்கும் இன்னொரு கருத்தையும் இங்கே ஆராய்தல் தகும். புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கின்றது; ஆதலால் மேற்கே பறக்கும் விமானத்தை நோக்கி அது சேரவேண்டிய ஊர் தானே எதிர்வரும்; மேற்குப் பயணம் விரைவில் முடியும் என்பது அக்கருத்து. அனுபவமோ இதற்கு நேர்மாறு. இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே கிழக்குப் பயணமே விரைவானது. கருத்திலுள்ள பிழை இதுதான்: புவியுடன் வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்கின்றது. மத்தியகோட்டில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீற்றர் வேகத்திற் கிழக்கே செல்கின்றது. அங்குள்ள காற்றும் அங்கு நிற்கும் விமானமும் அதே வேகத்திற் செல்கின்றன. எதிர்வரும் ஊர் எதுவுமில்லை.

ஆயினும் சுழற்சிக்கு வேறொரு வழியிற் பங்குண்டு. 30ஆம் அகலாங்கில் நிலத்தின் வேகம் மணிக்கு 1,446 கிலோமீற்றர் அளவே. மத்தியகோட்டிலே வெப்பமுற்று மேலெழும் காற்று, முனைகளை நோக்கி நகரும்போது தன் பழைய கிழக்கு வேகத்தை எளிதில் இழப்பதில்லை. கீழேயுள்ள நிலமோ மெல்லச் செல்கின்றது. ஆகவே காற்று நிலத்தை முந்திக் கிழக்கே ஓடுகின்றது. நிலத்தில் நிற்போருக்கு அது மேற்கிலிருந்து வீசுங் காற்றாகின்றது. மேல்வளியில், ஜெற் விமானங்கள் பறக்கும் 10, 12 கிலோமீற்றர் உயரத்தில், இது ஒடுங்கிய ஆறுபோல் மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்துடன் பாய்வதுண்டு. இதனையே அருவித்தாரை என்பர். வட, தென் அரைக்கோளங்கள் இரண்டிலும் இஃது உளது.

2020 பெப்ரவரி 9ஆந் திகதி, அத்திலாந்திக் சமுத்திரத்தில் கடும்புயல் வீசிய வேளை, நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட பிரித்தானிய விமானமொன்று 4 மணி 56 நிமிடத்தில் இலண்டனை அடைந்தது. தூரம் ஏறத்தாழ 5,540 கிலோமீற்றர். இடையிலே அதன் நிலவேகம் மணிக்கு 1,300 கிலோமீற்றரைத் தாண்டிற்று. ஒலியின் வேகத்தை விஞ்சியதோ எனின், இல்லை. தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் அது வழமையான வேகத்திலேயே சென்றது. காற்றே அதனைச் சுமந்து ஓடிற்று.

பேர்த்–இலண்டன் வழியிலே காற்று ஒருதன்மைத்தன்று. பேர்த்தை விட்டுப் புறப்பட்டவுடன் தென்னரைக்கோளத்து மேற்குக் காற்று எதிர்க்கும். மத்தியகோட்டின் அருகே காற்று மெலியும். இலங்கை, தென்னிந்தியா ஆகியவற்றின் மேலே ஆடி ஆவணி மாதங்களில் ஒரு புதுமையைக் காணலாம். கீழே நம் மீனவர் சோளகக் காற்றைச் சமாளித்துக்கொண்டிருக்க, மேலே கிழக்கிலிருந்து மேற்காக அருவித்தாரையொன்று பாயும். மேற்கே செல்லும் விமானத்துக்கு அது துணை. அதனையுந் தாண்டி மேற்காசியாவையும் ஐரோப்பாவையும் அணுகும்போது, வடவரைக்கோளத்து மேற்குக் காற்று மீண்டும் எதிரே நிற்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், இலண்டனுக்குச் செல்லும் வழி எதிர்க்காற்று வழி. பேர்த்துக்கு மீளும் வழி துணைக்காற்று வழி. வழிநெடுகச் சராசரியாக மணிக்கு 30 கிலோமீற்றர் அளவான காற்றேயாயினும், 14,500 கிலோமீற்றரில் அஃது இரு திசைகளுக்குமிடையே ஒரு மணிக்கு மேற்பட்ட வேறுபாட்டை விளைக்கும். இக்காரணத்தால் விமானங்கள் பெருவட்டக் கோட்டையே விடாது பற்றிச் செல்வதில்லை. அன்றன்றைய காற்றுப் படத்தைப் பார்த்து, சில நூறு கிலோமீற்றர் சுற்றியேனும் குறைந்த காலத்தில் அடையும் வழியைத் தெரிகின்றனர். நீண்ட வழியே விரைவான வழியாவது இத்துறையில் அன்றாட நிகழ்ச்சி.

கட்டலீனாவின் பின், 1947 டிசெம்பர் 1ஆந் திகதி குவாண்டாஸ் கம்பனி சிட்னியிலிருந்து இலண்டன் வரை தன் சொந்தச் சேவையைத் தொடங்கிற்று. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்பொலி ஆகிய இடங்களிலே தங்கித் தங்கிச் சென்ற அப்பயணத்துக்கு நான்கு நாட்கள் சென்றன. இடையில் எங்கும் இறங்காது அவுஸ்திரேலியாவிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் பயணச் சேவை தொடங்கியது 2018 மார்ச்சு 24ஆந் திகதி. அன்று மாலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் போயிங் 787–9 விமானமொன்று பேர்த்தை விட்டு எழுந்து, மறுநாட்காலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னர் இலண்டனில் இறங்கிற்று. கடிகாரங்களை மட்டும் பார்த்தவன் பத்து மணிநேரப் பயணம் என்பான். பேர்த்தின் நேரம் கிறீனிச் நேரத்துக்கு எட்டு மணி முந்தியது. அவ்விரவிலேயே பிரித்தானியக் கடிகாரங்கள் கோடைக்காக ஒரு மணி முன்தள்ளப்பட்டமையால், இறங்கும்போது வேறுபாடு ஏழு மணியாயிற்று. இரண்டையுஞ் சேர்த்தால் 17 மணிக்குச் சற்று மேல். நேர அட்டவணைகளைப் படிப்போர் இவ்வேறுபாட்டைக் கூட்டவோ கழிக்கவோ மறத்தலாகாது. மேலும், அட்டவணையிற் குறிக்குங் காலம் விமானம் தன் தரிப்பிடத்தை விட்டு நகரத் தொடங்கியது முதல் மறு நிலையத்துத் தரிப்பிடத்தில் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் இறங்க முறை பார்த்து வட்டமிடுவதும் அதில் அடங்கும்.

காலம் நீள நீள எரிபொருட் கணக்கும் கடினமாகின்றது. பதினேழாம் மணியில் எரிக்க வேண்டிய எண்ணெயை முதல் மணியிலிருந்தே சுமத்தல் வேண்டும். அதனைச் சுமப்பதற்கே வேறு எண்ணெய் எரியும். போயிங் 787–9 விமானம் 290 பேரளவில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் செல்லவல்லது எனக் கூறப்படும். பேர்த்–இலண்டன் தூரமோ அதனிலும் அதிகம். அதனாற் குவாண்டாஸ் அவ்விமானத்தில் 236 இருக்கைகளே அமைத்தது. 1943இல் மூன்று பயணிகளோடு நின்றதற்கும் 2018இல் 236 பேரோடு நின்றதற்கும் காரணம் ஒன்றே.

காற்றும் எண்ணெயும் இயற்கையின்பாற்பட்டவை. மூன்றாவதொன்று மனிதராலானது. 1944இல் சிக்காகோவிற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை, ஒவ்வோர் அரசும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளிக்கு முழு உரிமை உடையது என்று கூறுகின்றது. குறுவழி எந்நாட்டின் மேற் செல்கின்றதோ அந்நாட்டின் இசைவின்றி அதனைப் பயன்படுத்த இயலாது. முன்னர் நூலால் அளந்த ஹெல்சிங்கி–ரோக்கியோ வழியை நினைவிற் கொள்க. உக்கிரேன் போர் தொடங்கிய 2022 பெப்ரவரியின் இறுதியில் உருசியா தன் வானை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிற்று. ஒன்பதரை மணியளவில் முடிந்த பயணம் ஏறத்தாழ 13 மணியாயிற்று. பின்லாந்து விமானங்கள் சிலவேளை வடமுனையின் மேலாகவும் சிலவேளை தெற்கே சுற்றியும் செல்ல வேண்டியனவாயின. இரு ஊர்களும் ஓரடியேனும் நகரவில்லை.

பேர்த்–இலண்டன் வழிக்கும் இவ்விடையூறு நேர்ந்தது. 2024 ஏப்பிரலில் ஈரானைச் சூழ்ந்து போர்ப் பதற்றம் எழுந்தபோது, அந்நாட்டு வானைத் தவிர்த்துச் சுற்றிச் செல்லக் குவாண்டாஸ் முடிவு செய்தது. முன்பே எல்லையைத் தொட்டு நின்ற எரிபொருட் கணக்கு, எதிர்க்காற்றில் அச்சுற்றைத் தாங்கவில்லை. இலண்டனுக்குச் செல்லும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் ஏற்றிச் செல்லலாயிற்று. 1942இல் அறுந்து, கொக்கலை வழியைத் தேடவைத்த அதே சிங்கப்பூர். இலண்டனிலிருந்து பேர்த்துக்கு மீளும் விமானமோ, அதே ஈரானைத் தவிர்த்துச் சுற்றிய போதிலும், துணைக்காற்றின் வலியால் வழியில் எங்கும் இறங்காமலே வந்து சேர்ந்தது.